தயவுசெய்து அணைக்க வேண்டாம்

— தொடாதேடா! ‘அணைக்க வேண்டாம்’னு எவ்வளவு பெருசா எழுதியிருக்கு பாரு. தொட்டா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். காலையில ஒரு தடவை பட்டதே போதும்.

— மவுஸைத்தான் நகர்த்தினேன்க்கா. முப்பத்தெட்டு சதவீதம் வந்திருச்சு. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

— அரை மணி நேரமா அதே முப்பத்தெட்டுதான். ஐயா, நீங்க உட்காருங்க. காலையிலயே ரத்தம் எடுத்தாச்சு, டெஸ்ட்டும் முடிஞ்சாச்சு. உங்க ரிப்போர்ட் இந்த மிஷினுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்குது. பிரிண்ட் எடுக்கிறதுதான் பாக்கி.

— உட்கார்ந்துதாம்மா இருக்கேன். முப்பது வருஷம் பஸ்ல நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்சவன். உட்கார எனக்கென்ன வலிக்குதா? ஆனா டாக்டர் அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவார். மாத்திரை போதுமா, ஊசி போடணுமான்னு என் சர்க்கரையைப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்னுட்டார். இப்பவே மணி நாலேகால்.

— கேட்டியாடா தம்பி? எல்லாம் நீ ஏத்திக் குடுத்த புண்ணியம்.

— அக்கா, இது அப்டேட். பாதுகாப்புக்காக அதுவே தன்னைச் சரிபண்ணிக்குது. பழைய ஓ.எஸ்.ல இந்த வசதியெல்லாம் கிடையாது.

— கிடையாதுதான். அதனாலதான் ஒன்பது வருஷம் நிம்மதியா இருந்தேன்.

— நான் ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது. ஓ.எஸ். ஓ.எஸ்.ங்கறீங்களே, அது என்ன சாமான் தம்பி?

— ஆப்பரேட்டிங் சிஸ்டம்ங்கய்யா. கம்ப்யூட்டருக்கு உயிர் மாதிரி...

— உயிராம் உயிரு! நல்லா வருது வாயில. ஐயா, உங்களுக்குப் புரியற மாதிரி நான் சொல்றேன். கம்ப்யூட்டர் பஸ்ஸுன்னா இது டிரைவர். எங்கிட்ட இருந்த பழைய டிரைவர் தேமேன்னு ஓட்டிக்கிட்டிருந்தான். போன மாசம் என் கூடப்பிறந்த இந்தப் பிள்ளை வந்து, ‘புது டிரைவரை ஒரு மாசம் சும்மா வச்சுப் பாரு, பிடிச்சா நாலு வண்டிக்கும் காசு கட்டு’ன்னு இந்தக் கவுண்டர் மிஷின்ல மட்டும் ஏத்திட்டுப் போனான். அந்த ஒரு மாசம் இன்னையோட முடியுது.

— சரி, புது டிரைவர் எப்படி?

— வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி உங்க பேரு, உங்க மூஞ்சி, நீங்க பிறந்த தேதி எல்லாம் கேப்பான். வழியில அவன் மச்சான் கடை, மாமன் கடை எல்லாத்துலயும் நிறுத்துவான். நடுரோட்டுல திடீர்னு, ‘நான் கொஞ்சம் குளிச்சிட்டு வர்றேன்’னு இறங்கிப் போயிடுவான். இப்ப குளிக்கத்தான் போயிருக்கான்.

— அட கருமமே!

— அக்கா, கஸ்டமர் முன்னாடி...

— கஸ்டமர் முன்னாடிதான்டா சொல்லுவேன். காலையில ஒரு சின்னப் பொண்ணு, ஊசின்னாலே நடுங்குது. கையில பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டி வச்சுக்கிட்டு லேபிளுக்குக் காத்திருக்கேன். பேர் ஒட்டாத ட்யூப்ல நான் ரத்தம் எடுக்க மாட்டேன், உனக்கே தெரியும். திரும்பிப் பார்த்தா ஸ்க்ரீன்ல ஒரு பொம்மை நின்னு கையாட்டுது. ‘வாருங்கள், புதிய அம்சங்களைச் சுற்றிப் பார்க்கலாம்!’ சுத்திப் பார்க்கவா அந்தப் பொண்ணு வந்தது? பட்டையை அவுத்து, திரும்பக் கட்டி, ரெண்டு தடவை குத்தினேன். அதோட கண்ணைப் பார்க்கவே எனக்குக் கூசிப் போச்சு.

— அந்த டூரை ஆஃப் பண்ணிடலாம்க்கா. செட்டிங்ஸ்ல ஆறாவது...

— ஆறாவது கதவைத் திறந்து, ஏழாவது பெட்டியை நகர்த்தி, அடியில இருக்கிற பொத்தானை அமுக்கணும். அமுக்கினேன். மறுநாள் அதுவே மறுபடி ஆன் ஆகியிருக்கு. வெட்கம் மானம் ஏதாவது இருக்கா அதுக்கு? நேத்து ஒரு அம்மாவோட சர்க்கரை ரிப்போர்ட்டைத் திறக்கறேன். முந்நூத்திப் பத்து. ஓரத்துல என்ன விளம்பரம் தெரியுமா? கேக்கு! மேல செர்ரிப்பழம் வச்சு!

— அம்மா, நாப்பத்தொண்ணு ஆயிருச்சும்மா. நகர்ந்திருச்சு.

— சந்தோஷம்ங்கய்யா. சாமி கண்ணைத் திறந்திருச்சு.

— அக்கா, ஒரே நிமிஷம் கேளு. உங்கிட்ட எத்தனை பேரோட தகவல் இருக்கு? ஒன்பது வருஷ ரிப்போர்ட். பழைய ஓ.எஸ்.க்கு இந்த வருஷத்தோட ஆதரவை நிறுத்தறாங்க. எவனாவது வெளியிலேர்ந்து புகுந்து எல்லாத்தையும் பூட்டிட்டு, திறக்கப் பணம் கேட்டா என்ன பண்ணுவே? பாதுகாப்புக்கு விலை கிடையாதுக்கா. நாளைய உலகத்துக்கு இன்றே...

— நிறுத்து. மூச்சு விடாம ஒப்பிக்கிறியே! ஸ்கூல்ல ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னா உனக்கு வயித்துவலி வரும். பூட்டு செஞ்சவனே, ‘இனிமே இந்தப் பூட்டைப் பார்த்துக்க மாட்டேன், திருடன் வர்றான், புதுப் பூட்டு வாங்கு’ன்னு கத்தினா அதுக்குப் பேரு என்னடா?

— எங்க டிப்போவுல அதுக்கு வேற பேரு சொல்லுவோம். பொம்பளைங்க இருக்கீங்க, வேண்டாம்.

— சொல்லுங்கய்யா, மனசாவது ஆறும். டேய், இங்க பாரு. பின் ரூம்ல சாம்பிள் வைக்கிற ஃப்ரிட்ஜ் ரெண்டு மாசமா தண்ணியா ஒழுகுது. கதவு மூட மாட்டேங்குதுன்னு நாற்காலியை முட்டுக் குடுத்து வச்சிருக்கேன். புது ஃப்ரிட்ஜுக்குன்னு வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்த காசு இருக்கு. நாலு மிஷினுக்கும் நீ கேக்கிறது கிட்டத்தட்ட அதேதான். எதுக்குக் கட்டணும்? பொத்தானை எல்லாம் இடம் மாத்தி ஒளிச்சு வச்சதுக்கா?

— எனக்காகக் கட்டக் கூடாதா?

— என்ன?

— இன்னைக்கு ஆறு மணிக்குள்ள நாலு விக்கணும்க்கா. நாலு வித்தா வேலை நிரந்தரம். இல்லேன்னா நாளையிலேர்ந்து வரவேண்டாம்னுட்டாங்க. அவகிட்ட இன்னும் சொல்லலை. கல்யாணமாகி மூணு மாசம்தான் ஆகுது, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்வேன்?

— ஓ. அக்காகிட்ட எத்தனை மிஷின் இருக்குன்னு எண்ணிப் பார்த்துட்டுத்தான் வந்தியா?

— அப்படி இல்லக்கா...

— அம்மா! தொண்ணூத்தொம்பது! எப்படித் தாவிருச்சு பாருங்க!

— இருங்கய்யா... நூறு. வந்திருச்சு. உங்க பேரு... இதோ. ச்சீ! இது என்ன குறுக்க?

— என்னம்மா கேக்குது?

— ‘உங்கள் புதிய அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ நட்சத்திரம் குடுக்காம ரிப்போர்ட்டைத் திறக்க விடாது போல. இந்தா, ஒண்ணு. தொலை. ஐயா, பிரிண்ட் வருது பாருங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி நூத்தி இருபத்தெட்டு. ஊசிக்கெல்லாம் அவசியம் இருக்காதுன்னு நினைக்கிறேன். எதுக்கும் டாக்டர் வாயால கேட்டுக்குங்க. ஓடுங்க, நாலேமுக்கால் ஆச்சு.

— நல்லா இருங்கம்மா. அந்த நட்சத்திரத்துல எனக்கும் சேர்த்துப் பாதியைக் குறைச்சிடுங்க. வர்றேன் தம்பி.

— பார்த்துப் போங்க, படி ஈரமா இருக்கு.

— ...அக்கா.

— என்னடா? மறுபடி பாதுகாப்பா?

— கட்டாதே.

— என்னது?

— காசு கட்டாதேங்கறேன். உள்ள ஒண்ணும் இல்லக்கா. அதே பழைய கள்ளு, மொந்தைதான் புதுசு. வர்ணத்தை மாத்தி, மூலையை வளைச்சு, கண்ணுக்குத் தெரியற இடத்துலயெல்லாம் விளம்பரத்தைச் செருகியிருக்காங்க. என் வீட்டு மிஷின்ல நானே பழசைத்தான் வச்சிருக்கேன்.

— நிஜமாவா?

— நாள் முழுக்க ஒவ்வொரு கடையா ஏறி இறங்கி, திருடன் வர்றான் வர்றான்னு மிரட்டிட்டு வீட்டுக்குப் போனா சாப்பாடு இறங்க மாட்டேங்குது. நேத்து ஒரு பெரியம்மா, தையல் கடை, கையில இருந்ததையெல்லாம் எடுத்துக் குடுத்துட்டு, ‘இனிமே பயமில்லையே கண்ணு’ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அருவருப்பா இருக்குக்கா, என்னை நினைச்சாலே.

— டேய்... அழறியா? சீ, கண்ணைத் துடை. யாராவது வந்துடப் போறாங்க.

— ஒரே ஒரு விஷயம்தான் அதுல உருப்படி. எவனாவது பூட்டிட்டாலும் ரிப்போர்ட்டையெல்லாம் திரும்ப எடுத்துடலாம். மத்ததெல்லாம் குப்பை. நீ ஃப்ரிட்ஜே வாங்கிக்கோ.

— ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துடலாம்ங்கறது உறுதிதானே?

— அது உறுதி.

— இதை முதல்லயே சொல்றதுக்கு என்னடா? ஒரு மாசமா உன் வாயிலேர்ந்து கம்பெனிதான் பேசிக்கிட்டிருந்தது. இப்பத்தான் என் தம்பி பேசறான். அந்த ஃபாரத்தை எடு.

— வேண்டாம்க்கா.

— எடுடான்னா! குறையையும் சேர்த்துச் சொல்லி விக்கிறவன்கிட்ட வாங்கறதுல எனக்கு நஷ்டம் இல்லை. ஃப்ரிட்ஜுக்கு முட்டுக் குடுக்க நாற்காலி இருக்கு. உனக்கு யார் இருக்கா? எங்க கையெழுத்து, இங்கயா?

— ...கீழ. கோடு போட்ட இடத்துல.

— நாலுக்கும் போட்டுட்டேன். பணத்தை இப்பவே அனுப்பிடறேன், உன் மாமாகிட்ட நான் பேசிக்கறேன். மணி அஞ்சு, பிடிச்சுக்கிட்டு ஓடு. என்னடா நிக்கறே? திரும்ப எங்கிட்ட எதுக்கு நீட்டறே?

— கிழிச்சிடு.

— பைத்தியமா உனக்கு? இதானே வேணும்னு கேட்டே?

— கிழிச்சிடுக்கா. பழசைத்தான் வச்சிருக்கேன்னு சொன்னது, தையல் கடைப் பெரியம்மா, எதுவும் நிஜமில்லை. எங்களுக்குக் குடுத்த பயிற்சிப் புத்தகத்துல பதினோராம் பக்கம்: ‘மற்ற வழிகள் பலிக்காதபோது குரலைத் தாழ்த்தவும். வாங்க வேண்டாம் என்று நீங்களே சொல்லவும். வாடிக்கையாளர் நெருங்கிய உறவினராக இருந்தால் கண் கலங்குவது கூடுதல் பலன் தரும்.’