ஒருத்தி மட்டும் ஏறும் நிலையம்

என் காதில் தெளிவாக விழுந்ததையும் கண்ணால் கண்டதையும் மட்டுமே எழுதுகிறேன். கேளாததை ஊகித்து நிரப்பினால் அது அவர்களுடைய பேச்சாக இராது.

காலை நேரம், ஹார்பர் தடப் புறநகர் ரயிலின் பெண்கள் பெட்டி. மான்குர்தில் ஏறிய இளம்பெண் பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். செம்பூரில் ஏறிய அவள் தோழி, சற்று மூத்தவள், அதில் அமர்ந்தாள். இளம்பெண் கைப்பேசியை நீட்டினாள். நகரம் கட்டும் விளையாட்டு.

"இந்த ஸ்டேஷனை இடிக்கச் சொல்லுதுக்கா. ஒருத்திதான் ஏறுதாளாம்."

"இடிச்சுட வேண்டியதுதானே?"

"தொட்டுப் பாத்தா அவ போற வழியெல்லாம் காட்டுதுக்கா. டெய்லி தனியாத்தான் போறா."

"அரே, பொம்மைக்கா இவ்வளவு கவலை?"

"பக்கத்துல ஒரு வீடு கட்டி இன்னொருத்தியக் குடிவச்சேன். அவ என்னடான்னா பஸ்ல போறா."

தோழி சிரித்தாள். பிறகு சற்றுத் தயங்கினாள்.

"நானும் திங்கக்கிழமைலேந்து பஸ்தான்டி. ஆபீஸை வேற எடத்துக்கு மாத்திட்டா. ரயில்ல போனா சுத்து."

இளம்பெண் விளையாட்டை மூடினாள்.

"அப்ப நான் யாருக்குக்கா சீட்டு பிடிக்க?"

"யாராவது கிடைப்பா. நாலு நாள்ல பழகிடும்."

"அஞ்சு வருஷமா நீங்கதானக்கா வாறிய."

குர்லாவில் தோழி அவள் தோளைத் தட்டிவிட்டு இறங்கினாள். வண்டி நகர்ந்ததும் இளம்பெண் விளையாட்டைத் திறந்து, புதிய வீட்டின் அருகிலிருந்த பஸ் நிறுத்தத்தை அழித்தாள்.

அடுத்த நிலையத்தில் நான் இறங்கிவிட்டேன். விளையாட்டில் குடிவைத்த அந்த இரண்டாம் பெண் ரயிலுக்கு வந்தாளா என்பது எனக்குத் தெரியாது.