மக்காத அட்டை

சமையலறைக் குப்பையை மக்க வைக்கிற உர டிரம் நாறுகிறது என்றால், பத்தில் ஒன்பது தடவை உள்ளே ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். நீங்கள் என் தங்கையின் சாவைப் பற்றி விசாரிக்க வந்த போலீஸ்காரர். இருந்தாலும் கொல்லைப்பக்கம் போனதும் மூக்கைச் சுளித்து, "எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு வாங்கினோம்மா, ரெண்டே மாசத்துல நாத்தம் தாங்கல" என்றீர்கள். நான் சொல்ல வேண்டியதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். நீர் சொட்டக் கூடாது. பிழிந்து உதறிய துணி அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். காய்கறித் தோல், பழம், காபிச் சக்கை எல்லாம் தண்ணீர் விடுகிற ரகம். அதற்கு ஈடாகக் காய்ந்த சரக்கு போட வேண்டும். காய்ந்த இலை இருந்தால் நல்லது, ஆனால் எங்கள் கொல்லையில் சிமென்ட் தரையும் துணிக்கொடியும்தான், மரம் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. அதனால் காகிதம். விரல் அகலத்துக்குக் கிழித்து, பின்னை எடுத்துவிட்டு, உறையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை உரித்துவிட்டுப் போட வேண்டும். வழவழப்பான அட்டை மட்டும் கூடவே கூடாது. அது மக்காது.

கடிதங்கள் எனக்குப் பழகியவை. முப்பத்தோரு வருஷம் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் இருந்தேன். காலையில் பை வரும். உறைகளைப் பிரித்துப் படித்து, எது மேலதிகாரிக்கு, எது கோப்புக்கு, எது குப்பைக்கு என்று பிரிப்பேன். எல்லாக் கடிதமும் அதில் எழுதியிருக்கிற ஆளிடம் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டுத் தபால் பெட்டியின் சாவி என்னிடம் வந்தது. தங்கை என்னைவிடப் பதினொரு வயது சின்னவள். அவள் எழுத்து கோழி கிண்டினது போல இருக்கும் என்பதால் அவளுடைய விண்ணப்பங்களையும் நான்தான் நிரப்புவேன். போன் நம்பர் என்று கேட்டிருக்கும் இடத்தில் என் நம்பரைப் போடுவேன். கையெழுத்து மட்டும் அவளுடையது.

முன்னறையில் தையல் மெஷின் போட்டு, அக்கம்பக்கத்தாரின் துணிகளைத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளியூரில் ஒரு பயிற்சிப் பள்ளியில் தையல் ஆசிரியை ஆக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்தப் பள்ளியிலிருந்து கடிதம் வந்த அன்று டிரம்மில் தர்பூசணித் தோல் நொசநொசவென்று கிடந்தது. தேர்வாகிவிட்டீர்கள், ஒன்றாம் தேதி வந்து சேருங்கள், தங்க அறை தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நல்ல தடித்த காகிதம், ஈரத்தை நன்றாக இழுத்துக்கொள்ளும். கிழித்துப் போட்டேன்.

சாயங்காலம் அவள்தான் உரம் கலப்பதற்காக டிரம்மின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள்.

"என்னக்கா, இன்னிக்கு நாத்தமே இல்ல?"

"காகிதம் போட்டேன்" என்றேன். பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு வருஷங்கள் இப்படிப் போயின. ஏழு இடத்திலிருந்து வேலைக் கடிதம் வந்தது. மனைவியை இழந்த ஒரு துணிக்கடை மேலாளர் இரண்டு தடவை எழுதினார். மரியாதையான மனிதர், அவளைச் சந்தித்துப் பேச வரலாமா என்று கேட்டிருந்தார். எல்லாம் டிரம்முக்குள் போய்விட்டன. ஒவ்வொரு தடவையும் அவள் வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டு சில வாரம் இருப்பாள். பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்து, தைக்காமல், ஊசியை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பாள்.

"ஒரு இடத்துலகூடப் பதில் போட மாட்டேங்குறாங்கக்கா. நான் எதுக்கும் லாயக்கில்ல போல."

"உனக்கு இங்க என்னடி கொறச்சல்?" என்பேன். காபி போட்டுக் கொடுப்பேன். தலையைத் தடவிக்கொடுப்பேன். அதெல்லாம் நடிப்பு இல்லை.

நாளாக நாளாக விண்ணப்பம் போடுவதை விட்டாள். தெருமுனைக்கு அப்பால் போவதை விட்டாள். முன்னறைத் திரைச்சீலையைப் பாதிக்கு மேல் விலக்க மாட்டாள், மெஷினுக்கு வெளிச்சம் போதும் என்பாள். அவள் அடங்கிப்போனது எனக்கு நிம்மதியாக இருந்தது. பூசி மெழுகாமல் சொல்கிறேன். எனக்கு வலது தோள் மேலே தூக்க வராது, நிறைந்த டிரம்மைத் தனியாக என்னால் சுற்ற முடியாது. அது மட்டும் இல்லை. அம்மா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளும் போய்விட்டால் ராத்திரி கழுவ ஒரே ஒரு தட்டுதான் இருக்கும். அந்த ஒற்றைத் தட்டை நினைத்தாலே எனக்குப் பயம். ஏன் செய்தேன் என்று கேட்டீர்களே, அந்தப் பயத்தால்தான்.

போன வருஷம் அவள் மார்பில் ஒரு கட்டி வந்தது. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுச் சதை எடுத்து, அதைச் சோதனைக்கு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முடிவு தபாலில் வந்தது. கட்டி நல்லதல்ல, பதினைந்து நாளுக்குள் வர வேண்டும், மூன்று மாதம் அங்கேயே தங்கிச் சிகிச்சை எடுக்க வேண்டும் என்று இருந்தது. இரண்டு தடவை படித்தேன். என் கண்ணில் தங்கி நின்றது அந்த மூன்று மாதம்தான். போனும் செய்தார்கள். நான்தான் அவள் என்று சொல்லி, வேறு இடத்தில் காட்டிக்கொள்கிறேன் என்றேன்.

அவளிடம், "ஒண்ணுமில்லையாம்டி, வெறும் கொழுப்புக் கட்டியாம்" என்றேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தவளும் நான்தான்.

இரண்டாவது கடிதமும் வந்தது. மூன்றாவதாக ஓர் அட்டை வந்தது, வழவழப்பான அட்டை. நான் டிரம் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்போது அவள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் சத்தம் கேட்டது. கிழிக்க நேரமில்லை. முழுசாகவே போட்டு மூடிவிட்டேன். இத்தனை வருஷத்தில் டிரம் விஷயத்தில் நான் செய்த தவறு அது ஒன்றுதான்.

சில மாதம் கழித்துத் தோள்வலி அதிகமாகி ஒரு வாரம் படுத்துவிட்டேன். எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்து அவளே தனியாக டிரம்மைத் திறந்து, உரத்தை அள்ளிச் சலித்திருக்கிறாள். அட்டை சல்லடையில் நின்றுவிட்டது. குழாயில் கழுவி, முந்தானையில் துடைத்து, என் கட்டில் ஓரத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"இதுல என் பேர் இருக்குக்கா."

"டிரம் ரொம்ப ஈரமா இருந்துச்சுடி."

அவள் அட்டையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "வேற என்னல்லாம் போட்டே?" என்று கேட்டாள். முதல் கடிதத்திலிருந்து வரிசையாகச் சொன்னேன். எதையும் விடவில்லை. துணிக்கடைக்காரர் பேச்சு வந்தபோது மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். முடிந்ததும் அட்டையில் இருந்த தேதியைப் படித்துவிட்டு, "நாலு மாசம் ஆச்சுக்கா" என்றாள். அவ்வளவுதான். ஒரு சின்னப் பையில் துணி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு தோழி வந்து கூட்டிப்போனாள். உங்களிடம் புகார் கொடுத்ததும் அந்தப் பெண்தான். ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது வாசலிலேயே நிறுத்திவிட்டாள். முன்னாடியே வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். செவ்வாய்க்கிழமை காலையில் தங்கை போய்விட்டாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது என்று தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று இருக்கக் கூடாது. வியாழக்கிழமை ஒரு கடிதம் வந்தது. அவள் போய் இரண்டு நாள் கழித்து. உறை மேல் அந்தக் கோழிக் கிறுக்கல், என் பெயருக்கு. சாகிறதுக்கு முன்னால் யாரிடமோ கொடுத்துத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறாள். நான் பிரிக்கவில்லை. அப்படியே கிழித்து டிரம்மில் போட்டேன்.

உள்ளே என்ன எழுதியிருந்தாள் என்று கேட்கிறீர்கள். பிரித்துப் பார்த்துத்தான் தெரிய வேண்டுமா? அவளை எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்தே ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருக்க அவளால் முடியாது. எப்போதும் அவள்தான் முதலில் வந்து பேசுவாள். சொல்லாமல் கொள்ளாமல் என்னைத் தனியாக விட்டுப் போனதற்கு வருத்தப்பட்டு எழுதியிருப்பாள். அதற்காக அவள் மன்னிப்புக் கேட்க வேண்டியதே இல்லை. நான் அவளை எப்போதோ மன்னித்துவிட்டேன்.