பச்சை விளக்கு அணைந்ததும்

— மறுபடியும் அதே பக்கமா? விடும்மா இனாஸ். கையேடு அச்சாகி, கம்ப்யூட்டரோட கடைக்கே போயாச்சு. எனக்குத் தலை வலிக்குது.

— ஒரே கேள்வி, ஷவ்கி சார். மெஷினைச் செஞ்சவர் நீங்க. தட்டினது பதிவாகிற கேசட்டை, பச்சை விளக்கு அணைஞ்சதும் எடுக்கலாம்னு கையேட்டுல எழுதியிருக்கேனே, அது சரியா?

— சரிதான். மோட்டார் நின்னா விளக்கு அணையும். நான்தானே வயர் இழுத்தேன்?

— தமன்ஹூர் ஊர்ல பஹீகான்னு ஒரு டீச்சர். காது கேக்காத பிள்ளைங்களுக்காகக் குளிர்காலம் பூரா உக்காந்து பாடம் தட்டியிருக்காங்க. விளக்கு அணைஞ்சுது, கேசட்டை எடுத்தாங்க, மெஷினை நிறுத்தினாங்க. பாதிப் பாடம் காணோம்.

— எதையாவது தப்பா அமுக்கியிருப்பாங்க. ஜனங்க எங்கம்மா கையேடு படிக்கிறாங்க?

— அவங்க படிச்சாங்க சார். வரி விடாம. அதனாலதான் போச்சு.

— இரு, இரு. மோட்டார் நடுவுல நிக்குமா என்ன?

— நிக்குதே! சிஸ்டம் எழுதின ரஃபத்கிட்ட கேட்டேன். மெஷின் கேசட்டுல கொஞ்சம் எழுதிட்டு, மோட்டாரை நிறுத்தி மூச்சு வாங்கிட்டு, மிச்சத்தை எழுதுமாம். "விளக்குன்னு ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாது"ங்கறார்.

— யா ரப்! அவன் மாடியில, நான் கீழே. ஒரு வார்த்தை சொல்லலையே, பாவி.

— நீங்களும் கேக்கலை. நடுவுல நான். ரெண்டு பேர் சொன்னதையும் அழகான அரபியில எழுதி வெச்சேன்.

— சரி, அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்.

— அதுக்குள்ள எத்தனை பஹீகா?

— என்னை என்ன பண்ணச் சொல்றே? திருத்தச் சீட்டு வெச்சா கம்பெனி மானம் போச்சும்பார் டைரக்டர். வேணும்னா கேட்டுப் பாரு.

— கேட்டேன். அதையேதான் சொன்னார்.

— அப்புறமென்ன? வா, டீ குடிச்சுட்டுக் கிளம்பலாம். எனக்கு அலுத்துப் போச்சு, வல்லாஹி.

— எனக்கும்தான். அதனாலதான் போன வாரமே கோடவுனுக்குப் போய், கடைக்குப் போகாம மிச்சம் இருந்த பெட்டியிலெல்லாம் திருத்தச் சீட்டை வெச்சுட்டேன். டீச்சருக்கும் ஒண்ணு அனுப்பினேன்.

— என்னது! யாரைக் கேட்டு? என்ன எழுதினே?

— "முடிஞ்சதுன்னு திரையில வர்ற வரைக்கும் கேசட்டைத் தொடாதீங்க. சந்தேகம்னா மெஷினைச் செஞ்சவரையே கேளுங்க."

— கேளுங்கன்னா? எங்கே வந்து கேப்பாங்க?

— உங்க வீட்டம்மாகிட்ட கேட்டு, உங்க வீட்டு விலாசத்தையே போட்டேன் சார். அவங்கதான் இப்ப போன் பண்ணாங்க. தமன்ஹூர்லேர்ந்து ரயிலேறி வந்து, மடியில கம்ப்யூட்டரோட உங்க கூடத்துல உக்காந்திருக்காங்களாம் பஹீகா டீச்சர்.