நாலாயிரம் ரூபாய் பொமரேனியன்

"நாயைப் பத்து நாளைக்கு இரவல் வாங்கினு வந்திருக்கேன்னு பொண்ணுகிட்ட பொய் சொல்லி வெச்சிருந்தேன்க்கா."

கவரைப்பேட்டையில் ரயிலேறிய இரண்டு கம்பெனிப் பெண்களில் இளையவள் இப்படிச் சொன்னதும், சட்டென்று காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"இன்னாத்துக்குடி பொய்யி? காசு குடுத்துத்தானே வாங்குன?" என்றாள் மூத்தவள்.

"அதாங்கா பயம். கடையில இருபத்தஞ்சாயிரம் சொன்ன பொமரேனியன் குட்டிய, கம்பெனியில எங்க லைன்ல வேலை செய்ற அண்ணன் நாலாயிரத்துக்குக் குடுத்தாரு. சீக்கு நாயோன்னு சந்தேகம். செத்துட்டா புள்ள தாங்காது. திருப்பிக் குடுத்துட்டேன்னு சொல்லிக்கலாம்னு பார்த்தேன். நேத்துதான் டாக்டர்கிட்ட காட்டுனேன்."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"நல்லா கீதுன்னுட்டாருக்கா! அண்ணன் ஊட்டு நாய் போட்ட குட்டியாம். கடை வாடகை இல்ல, புரோக்கர் இல்ல, இன்ன ஜாதின்னு சர்டிபிகேட்டும் இல்ல. அதுக்கே தனியா ரேட்டு ஏத்துவாங்களாம்."

"நாய்க்குமா ஜாதி சர்டிபிகேட்டு? என் பையனுக்கு வாங்கவே மூணு மாசம் அலைஞ்சேன்."

"பழுப்பு ஒடம்புல நெஞ்சுல மட்டும் வெள்ளைத் திட்டு வேற கீது. எல்லாரும் உள்ளங்கை சைசு குட்டிதான் கேப்பாங்களாம், இது கொஞ்சம் வளந்துடுச்சு. கண்காட்சிக்கு ஆவாது, ஊட்டுக்கு ஆவும்னாரு அண்ணன்."

"அப்போ மொதல்ல பொண்ணுக்குப் போனப் போடு!"

இளையவள் அங்கேயே போட்டாள். "பாப்பா, அந்த நாயை யாருக்கும் திருப்பித் தர வேணாம்டி. நம்முளுதுதான்."

மறுமுனையில் எழுந்த கூச்சல் எனக்கே கேட்டது. கூடவே குட்டியும் விடாமல் குரைத்தது.

மூத்தவள் காதைப் பொத்திக்கொண்டாள். "இந்தக் கொரை கொரைக்குது, இது சீக்கு நாயாம்!"