குழாயில் சிக்கிய காற்று

பழைய கட்டடம் என்றால் குழாய்கள் சத்தம் போடத்தான் செய்யும். புரூக்ளினில் நாங்கள் இருக்கும் கட்டடம் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. பின்லாந்துக்காரர்கள் கூடிக் கட்டியது. நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டுக்காரர் என்று தனியாக ஒருவர் இல்லை. குடியிருக்கும் எல்லோரும் பங்குதாரர்கள். வேலைகளையும் பங்கு போட்டுக்கொள்வோம். குப்பை ஒருவர், மாடிப்படி ஒருவர். நான் இன்ஜினியரிங் படித்தவன் என்பதால் பாய்லர் என் பொறுப்பு. கீழே நிலவறையில் தண்ணீர் கொதிக்கும். நீராவி குழாய் வழியே ஏறி ஒவ்வொரு அறையிலும் இருக்கும் ரேடியேட்டர் என்ற இரும்புக் கணப்பைச் சூடாக்கும்.

அய்லி கேத்துனென் அம்மாள் எப்படி இறந்தார் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

அவர் மூன்றாம் மாடி. எனக்கு நேர் கீழே. என் மனைவி இனெஸுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்தது. படி ஏற முடியாது. படிக் கைப்பிடியோரமாக மின்சாரத்தில் ஏறி இறங்கும் நாற்காலி ஒன்று பொருத்தலாமா என்று கூட்டத்தில் கேட்டேன். பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். கடைசி வாக்கு கேத்துனென் அம்மாளுடையது.

"இந்தக் கைப்பிடி எங்கப்பா இழைச்சது. அதுல போய் இரும்பை அறையணுமா? எண்பது வயசுல நான் ஏறலையா? சின்னப் பொண்ணு, மெதுவா ஏறட்டும்" என்றார். சிலர் சிரித்தார்கள். இனெஸ் மேலே முடிவுக்காகக் காத்திருந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் கீழே இறங்கவில்லை. பிப்ரவரியில் இருவர் அவள் உடலைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கைப்பிடியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

கேத்துனென் அம்மாள் ஏலக்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு மேலே வந்தார். "சாப்பிடுப்பா, எலும்பும் தோலுமா ஆயிட்ட" என்றார். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை குழாய் தட்ட ஆரம்பித்தது. கொஞ்சம் நிற்கும், மறுபடி தட்டும். இரண்டாம் மாடி வெண்டல் சோய் படியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா ரோரி, உன் பாய்லருக்குப் பேய் பிடிச்சிருக்கா? எம் பொண்டாட்டி என்னமோ நான்தான் தட்டுறேன்னு என்னைத் திட்டுறா."

"குழாயில காத்து சிக்கியிருக்கு. தானாச் சரியாயிடும்."

"மேல கிழவிக்கு ஒண்ணும் இல்லையே? காலையில காபி வாசனையே வரல."

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னாங்க."

"அப்ப சரி. எனக்கென்ன தெரியும், நீதான் இன்ஜினியர்."

கேத்துனென் அம்மாள் கட்டிலுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இடுப்பு முறிந்து கிடந்தார், கையில் கைத்தடி இருந்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் சத்தத்தைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று எழுதினால் நீங்களும் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம். ஆனால் அது சரியாக இருக்காது. வெயில் வந்துவிட்டதால் பாய்லரை முந்தின வாரமே அணைத்திருந்தேன். சன்னலைத் திறந்து வைத்திருந்த யாரும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கவில்லை. குழாயில் நீராவியே இல்லை. தட்டுவது யார் என்று முதல் தட்டிலேயே தெரியும். பாய்லரைப் பார்த்துக்கொள்பவனிடம் எல்லா வீட்டுச் சாவியும் இருக்கும், அவருடையதும் இருந்தது.

மறுநாள் மாலை தட்டல் தேய்ந்துவிட்டது. கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஸ்பானரை எடுத்து நானும் குழாயில் மெல்லத் தட்டினேன். கீழேயிருந்து உடனே, வேகவேகமாகப் பதில் வந்தது. பிறகு நின்றுவிட்டது. யாரோ வருகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

நான் கொடுமைக்காரன் இல்லை. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் தட்டினேன்.