சொல்லாமல் விட்ட ஊர்

ஒரு பட்டப்படிப்புக்குப் பெயர் வைப்பது இவ்வளவு சிரமம் என்று எனக்கு முதலில் தெரியாது. மூன்று வாரம் யோசித்தேன். யானையியல் என்றால் சிரிப்பார்கள். வனவிலங்கு மேலாண்மை என்ற பெயரில் ஏற்கெனவே பல இடங்களில் படிப்பு இருக்கிறது. கடைசியில் 'யானை நடமாட்ட முன்னறிவிப்பு' என்று எழுதினேன். நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள், சார். ஆரம்பம் அந்தப் பெயர்தான்.

என் பெயர் கமலக்கண்ணன், வயது இருபது. அப்பா அழகர்சாமி, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். நான் படிக்கும் கல்லூரியில் ஒரு வசதி உண்டு. இருக்கிற பாடம் எதுவும் பிடிக்காத மாணவன், இரண்டாம் ஆண்டு முடிவில் தனக்கான மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தைத் தானே வடிவமைத்துக்கொள்ளலாம். எந்தத் துறையிலிருந்து எந்தப் பாடத்தை எடுக்கப்போகிறான், அது ஏன் வேண்டும், அதனால் உலகத்துக்கு என்ன பயன் என்று எழுதி, ஐந்து பேர் கொண்ட குழுவின் முன் வைக்க வேண்டும். எனக்கு முன்னால் நாலு பேர் முயன்றிருக்கிறார்கள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

யானைமேல் எனக்குத் தனிப் பிரியம் ஒன்றும் இல்லை. பத்தாவது படிக்கும்போது ராயக்கோட்டை ரோட்டில் எங்கள் பள்ளிப் பேருந்தை ஒரு கூட்டம் நாற்பது நிமிடம் நிறுத்திவைத்தது. எல்லோரும் ஜன்னலில் தொங்கிப் படம் எடுத்தார்கள். நான் மட்டும், இது அடுத்தது எங்கே போகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம் முடிந்ததும் கர்நாடகக் காட்டிலிருந்து வருகிறவை உத்தனப்பள்ளியைச் சுற்றியுள்ள சிறு காடுகளில் தங்கி, பொழுது சாய்ந்ததும் கேழ்வரகுக் கொல்லைகளில் இறங்கும். தண்ணீர், பயிர், ஆள் நடமாட்டம், சாணம், கால்தடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நாளைய வழியை இன்றே சொல்லிவிடலாம். இரண்டு வருடத்தில் பத்துக்கு எட்டு முறை சரியாகச் சொன்னேன்; சொன்ன இடங்களில் பயிர்ச்சேதமும் குறைந்தது.

குழு என் திட்டத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. இரண்டாவது முறை, குழுத் தலைவர் அருணா மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் புள்ளியியல் பேராசிரியர், கண்டிப்பானவர்.

"நீ சொன்னதாலதான் சேதம் குறைஞ்சுதுன்னு நான் எப்படி நம்புறது? அந்த வருஷம் யானையே கம்மியா வந்திருக்கலாம். ஒப்பிட ஏதாவது வேணும் கண்ணா."

வனத்துறையின் பழைய பதிவேடுகளைத்தான் சொன்னதாக இப்போது அவர் உங்களிடம் கூறியிருக்கிறார். இருக்கலாம். எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டில் அப்பா கேட்டார். "கம்பெனில எல்லாரும் கேக்குறாங்கடா, மகன் என்ன படிக்கிறான்னு. நான் என்னத்தச் சொல்ல?" கோபமாகக் கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். ஜனவரிக்குள் சொல்கிறேன் என்றேன்.

இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்தேன். தாசரிதொட்டியில் அறுபத்திரண்டு வீடு. பில்லன்கொட்டாயில் ஐம்பத்தொன்பது. இரண்டும் காட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். இரண்டிலும் கேழ்வரகு, அவரை, தக்காளி, சாமந்தி. நவம்பர் ஏழாம் தேதியிலிருந்து எழுபது நாள். ஒரு ஊருக்குத் தினமும் மாலை நாலு மணிக்கு வாட்ஸாப்பில் முன்னறிவிப்பு அனுப்புவது, இன்னொரு ஊருக்கு எதுவும் சொல்லாமல் காலையில் போய்ச் சேதத்தை மட்டும் எழுதிக்கொள்வது. மருந்துகளை இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

எந்த ஊருக்குச் சொல்வது, எதை விடுவது என்று நாணயம் சுண்டிப் போட்டு முடிவு செய்ததாக முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. திருத்திக்கொள்கிறேன். பில்லன்கொட்டாயில் எனக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தது. எந்த வீட்டிலும் உட்கார்ந்து தண்ணீர் கேட்கலாம். சேதம் எவ்வளவு என்று கேட்டால் கூட்டாமல் குறைக்காமல் சொல்வார்கள். தாசரிதொட்டிக்காரர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள், நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவன் என்று நினைத்து ஏற்றிச் சொல்வார்கள். சொல்லாமல் விடும் ஊரிலிருந்துதான் எனக்கு நம்பகமான விவரம் தேவைப்பட்டது. அதனால் என்னை நம்புகிற ஊரை விட்டேன்.

பில்லன்கொட்டாயில் நான் வண்டியை நிறுத்துவது செல்வம்மாள் வீட்டு வாசலில். நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னோடு தமிழிலும் மாட்டோடு தெலுங்கிலும் பேசுவார். கணவர் முனிவேல் அதிகம் பேசமாட்டார். டிசம்பரில் அவர்கள் வீட்டில் தினமும் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும்தான். சாப்பிடாமல் என்னை அனுப்பியதில்லை. காலைக் கணக்கெடுப்பில் இது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

ஐம்பது நாளில் தாசரிதொட்டியில் இரண்டு கொல்லைகள் சேதம். பில்லன்கொட்டாயில் பதின்மூன்று. செல்வம்மாளின் கேழ்வரகுப் போரும் அதில் ஒன்று. வருடம் முழுக்க வீட்டுக்கு வைத்திருந்தது. அவர் சிதறிய கதிர்களைப் பொறுக்கிக்கொண்டே, "அதுக்கும் வயிறு இருக்குது, இன்னா பண்றது" என்றார். நானும் சேர்ந்து பொறுக்கிக் கொடுத்தேன்.

ஜனவரி இரண்டாம் தேதி மதியம் கோவிந்தன் அண்ணன் போன் செய்தார். அவர் வனத்துறையில் தினக்கூலிக்கு யானை விரட்டுபவர். பதிவாகியிருக்கும் அழைப்பைப் பற்றிக் கேட்டீர்களே, அது இதுதான்.

"தம்பி, ஒண்டி யானை ஒண்ணு கூட்டத்த வுட்டுப் பிரிஞ்சிருச்சு. ஓடையத் தாண்டி பில்லன்கொட்டாய்ப் பக்கம் எறங்குது. குணம் சரியில்ல. நாங்க எல்லாரும் பெரிய கூட்டத்தோட பேரிகைப் பக்கம் இருக்கிறோம், வர முடியாது. நீ அந்த ஊருல சொல்லிரு."

"சொல்லிடறேண்ணா" என்றேன்.

என்னால் முடியாது, வேறு யாரிடமாவது சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் அவர் சொல்லியிருப்பார். என்னிடம் சொன்னதால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார். அவர்மேல் தவறில்லை. அவரை வேலையை விட்டு எடுத்தது நியாயமில்லை என்று இதில் பதிவு செய்கிறேன்.

நான் போய்ப் பார்த்தேன். ஓடைக்கரையில் தடம் ஈரமாக இருந்தது. என் வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, விடியற்காலையில் அது பில்லன்கொட்டாயின் கீழ்க்கொல்லைகள் வழியாகத்தான் திரும்பும் என்று தெரிந்தது. நாலு மணிக்கு தாசரிதொட்டிக்கு 'இன்று பயமில்லை' என்று செய்தி அனுப்பினேன். அதுவும் சரியாகவே இருந்தது.

வண்டியை எடுக்கப் போனபோது செல்வம்மாள் வாசலில் கூடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணு, நாளைக்கி கோயில் மாலைக்குப் பூ கேட்டிருக்காங்க. விடியறதுக்குள்ள கீழ்க்கொல்லைல பறிச்சிடணும். யானை கீனை இருக்குதா?"

இந்தக் கேள்வியை அந்த ஊரில் யாரும் அதுவரை என்னிடம் நேராகக் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று திட்டத்தில் நான் எழுதி வைக்கவில்லை. அது என் குறைதான். ஒரு வீட்டுக்குச் சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஐம்பத்தாறு நாள் உழைப்பு அதோடு போய்விடும்.

"தெரியலைங்க அக்கா" என்றேன்.

"நீ படிச்ச புள்ள. உனக்கே தெரியலைன்னா இருக்காது" என்று சிரித்தார்.

இருக்கலாம் என்றுகூட நான் சொல்லவில்லை. போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மறுநாள் வழக்கம்போல ஆறரைக்குப் போனேன். பனி இறங்கியிருந்தது. கீழ்க்கொல்லை வரப்பில் ஊர் கூடியிருந்தது. பூக்கூடை பாதி நிறைந்து, கவிழாமல் வரப்பிலேயே இருந்தது. செல்வம்மாள் அதிலிருந்து பதினாறு அடி தள்ளிக் கிடந்தார். முனிவேல் தன் துண்டால் மூடியிருந்தார். துண்டு போதவில்லை. என் சால்வையை எடுத்துக் கொடுத்தேன். அழுதேன் என்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருப்பார்கள், உண்மைதான். பிறகு ஆட்கள் மிதித்து அழிப்பதற்கு முன்னால் தடத்தை அளந்துகொண்டேன். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் உயரம். ஒன்பது அடி நாலு அங்குலம் வந்தது.

என் அட்டவணையில் மனித உயிர் என்று ஒரு கட்டம் இருந்தது. படிவம் முழுமையாக இருக்க வேண்டுமே என்று போட்டது. தாசரிதொட்டிக்கு நேராகச் சுழியம், பில்லன்கொட்டாய்க்கு நேராக ஒன்று.

நான் எதையும் மறைக்கவில்லை, சார். திட்டத்தின் முப்பத்தோராம் பக்கத்தில், 'முன்னறிவிப்பு வழங்கப்பட்ட ஊர்', 'வழங்கப்படாத ஊர்' என்று இரண்டு பத்தியாக எல்லாம் இருக்கிறது. ஐந்து பேரும் படித்துக் கையெழுத்திட்டார்கள். ஒருவர் மட்டும், "இந்த ஒண்ணு என்ன?" என்று கேட்டார். "ஒரு பெண்மணி, துரதிர்ஷ்டம்" என்றேன். அவர் தலையசைத்தார். வித்தியாசம் தெளிவாக இருக்கிறது என்று அருணா மேடம் பாராட்டினார். பிப்ரவரியில் அனுமதி வந்தது. அப்பா கம்பெனியில் மைசூர்பாகு கொடுத்தார்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். சாவுக்குப் பிறகு என்ன செய்தாய் என்று. காரியம் முடிந்த அன்று முனிவேல் என்னைத் தேடி ரோட்டுவரை வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"தாசரிதொட்டிக்கு நீ போன்ல சேதி போடறியாமே தம்பி. எங்க மச்சினன் சொன்னான். அது இருந்திருந்தா இவ போயிருக்கமாட்டா. உனக்கு எங்க ஊர் நம்பருங்க இல்ல போல. எங்களையும் சேத்துக்கப்பா. இன்னும் பொம்பளைங்க பூ பறிக்கப் போறாங்க."

ஒரு தாளில் பதினேழு எண்கள் எழுதிக் கொண்டுவந்திருந்தார். நான் வேண்டுமென்றே சொல்லாமல் இருந்தேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த ஒண்டி யானை அப்போதும் ஓடைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது, எனக்குத் தெரியும். எழுபது நாள் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன.

"பொங்கல் கழியட்டும் மாமா, கண்டிப்பா சேத்துடறேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எழுபதாவது நாள் பொங்கலன்று வந்தது. மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக அந்தப் பதினேழு எண்களையும் சேர்த்தேன். வேண்டுமானால் அவரையே கேட்டுப் பாருங்கள். கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை.