இருபது அடி தூரம்

ஒரு கரவனுக்குக் கரன்ட் கொடுப்பது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை, சேர். கரவன் என்று நான் சொல்வது வாகனத்துக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீட்டை. உள்ளே கட்டில், குசினி, ஏசி எல்லாம் இருக்கும். கரன்ட் கம்பி வராத கடற்கரையில் அதை நிறுத்தினால், தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு பெற்றோல் ஜெனரேற்றர் வேண்டும். நாலைந்து விஷயங்களைக் கவனித்தால் ஆபத்தே இல்லை.

நான் சொல்லச் சொல்ல உங்கள் கொன்ஸ்டபிள் தம்பி சிங்களத்தில் எழுதினார். நல்ல பிள்ளை. ஆனால் ஒரு இடத்தில் நான் சொன்னதை அவர் கொஞ்சம் மென்மையாக்கிவிட்டார். எனக்காக இரக்கப்பட்டிருப்பார். அதனால்தான் ஒரு கொப்பி கேட்டு வாங்கித் தமிழிலேயே எழுதித் தருகிறேன்.

பெயர் ஸெய்னுதீன். வயது அறுபத்தொன்று. மூதூருக்கு ஆள் ஏற்றிப்போகிற லோஞ்சுப் படகுகளில் இருபத்திரண்டு வருடம் இஞ்சின் பார்த்தேன். பிறகு உட்துறைமுக வீதிப் பக்கம் ஜெனரேற்றர் திருத்தும் கடை ஒன்றைப் போட்டேன். எனக்கு ஒரே மகன், றிஸ்கான். தொழிலை என்னிடம்தான் பழகினான். இருபத்தைந்து வயதில், இறக்கக்கண்டியில் மூன்று கரவன் வைத்து உல்லாசப் பயணிகளுக்கு விடுகிற ஸஜ்ஜாத்திடம் வேலைக்குப் போனான். கடல் பக்கம் இருக்கலாம் வாப்பா, கடைக்குள்ளே ஒயில் மணம்தானே என்று சிரித்துக்கொண்டு போனான்.

மூன்று வருடத்துக்கு முந்திய ஓகஸ்ட் மாதம், நல்ல வெயில் நாள் ஒன்றில், ஓடிக்கொண்டிருந்த ஜெனரேற்றரில் பெற்றோல் முடியப் பார்த்தது. அதை நிப்பாட்டி, சூடு ஆறவிட்டு, பிறகுதான் ஊற்றவேண்டும். அது என் மகனுக்குப் பத்து வயதிலேயே தெரியும். அவன் நிப்பாட்டப் போயிருக்கிறான். கரவனுக்குள் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று ஏசியில் இருந்தது. ஸஜ்ஜாத் விடவில்லை.

இதை நான் ஊகிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தான். மூன்றாம் நாள் அவனே சொன்னான்.

"நிப்பாட்ட வேணாம், அப்பிடியே ஊத்து எண்டார் வாப்பா. நான் ரெண்டு தரம் சொன்னனான். கேக்கல்ல."

ஊற்றும்போது கொஞ்சம் சிந்தியிருக்கிறது. சைலன்சர் சூட்டில் பற்றிவிட்டது. ஒன்பதாம் நாள் காலை அவனை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

மரண விசாரணையில் ஸஜ்ஜாத் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்று, "பொடியன் சிகரெட்டோட நிண்டவன். தூரப் போய்க் குடி எண்டு நான் சொன்னனான்" என்றார். குரல் நடுங்கவில்லை. கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். றிஸ்கான் ஒரு நாளும் சிகரெட் தொட்டவன் இல்லை. மகன் செத்ததை நான் தாங்கிக்கொண்டேன் என்றுதான் சொல்வேன். ஊருக்குள் அவனைப் பற்றிக் கதைக்கும்போது, பாவம், சிகரெட்டால் போனான் என்று சொல்கிறார்களே, அது மட்டும் உள்ளே போய் இருந்துவிட்டது.

ஸஜ்ஜாத்தின் மனைவி நிப்லா அடுத்த கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தா. என் மனைவி நஜ்முன் நிஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்தா, றிஸ்கான் சிகரெட் குடிக்கிற புள்ளை இல்ல எண்டு எனக்குத் தெரியும்" என்று அழுதா. அதற்குப் பிறகும் மாதம் ஒரு தடவையாவது வருவா. வட்டிலப்பம் செய்து கொண்டுவருவா. என் மனைவிக்கு அவவைப் பிடித்துப்போயிற்று. எனக்கு அப்படியில்லை. தெரிந்ததைக் குசினிக்குள் சொன்ன மனுசி, விசாரணை மண்டபத்தில் சொல்லவில்லை. அதை நான் ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஒன்றரை வருடம் போனது. ஸஜ்ஜாத்தின் ஜெனரேற்றர் பார்த்த மெக்கானிக் கட்டாருக்குப் போய்விட்டார். வேறு ஆளில்லாமல் ஸஜ்ஜாத் ஒரு நாள் என் கடைக்கே வந்து நின்றார். மூத்த அண்ணனைக் கூப்பிடுகிறமாதிரி, காக்கா என்றுதான் கூப்பிட்டார்.

"காக்கா, நடந்தது நடந்துபோச்சு. நீங்க மனசில வெச்சிருக்க மாட்டீங்க எண்டு நிப்லா சொன்னா."

"சாமானை இறக்குங்க, பாப்பம்" என்றேன்.

அன்றிலிருந்து அவருடைய மூன்று ஜெனரேற்றரையும் நான்தான் பார்த்தேன். அது மட்டுமில்லை. சரியாக எப்படி ஓட்டுவது என்று அவரை இருத்திவைத்துப் படிப்பித்தேன். கரவனிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி வைக்கவேண்டும். புகை போகிற பக்கம் கதவையோ ஜன்னலையோ பார்க்கக்கூடாது. கூரைக்குக் கீழே, சுவரோடு, கரவனுக்கு அடியில் ஒருபோதும் வைக்கக்கூடாது. வயர் தடிப்பாக இருக்கவேண்டும். ஏசியும் தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தலும் ஒரே நேரத்தில் போடக்கூடாது. புகையின் மணத்தை மூக்கு பிடிக்கும், ஆனால் அதோடு வருகிற நஞ்சுக்கு மணமில்லை, நித்திரையில் இருப்பவனுக்கு ஒன்றுமே தெரியாது என்றும் சொன்னேன். அந்த நஞ்சு வந்தால் கத்துகிற அலாரம் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து, முதலாம் கரவனில் கட்டிலுக்கு மேலே என் கையாலேயே பூட்டினேன். ஸஜ்ஜாத் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்பார். சொன்னபடி செய்வார். கடற்கரையில் மற்ற ஆட்களிடம், காக்கா சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லித் திரிந்தார். அவருக்கு என்னில் அந்த அளவுக்கு நம்பிக்கை வருவதற்குப் பதின்மூன்று மாதம் எடுத்தது.

போன மார்கழியில் நல்ல மழை. உல்லாசப் பயணிகள் வராத காலம் என்பதால் பகலில் ஸஜ்ஜாத்தும் நிப்லாவும் அந்த முதலாம் கரவனில்தான் இருந்தார்கள். பற்றரி மாற்றவேண்டும் என்று சொல்லி அந்த அலாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அப்போது என் மனதில் ஒரு எண்ணமும் இருக்கவில்லை என்று முதலில் எழுதத்தான் நினைத்தேன். அது சரியாக இராது. பற்றரி நன்றாகத்தான் இருந்தது.

பதினொரு நாள் கழித்து, பகல் இரண்டு மணிக்கு, ஸஜ்ஜாத் கோல் எடுத்தார். கடையின் தகரக் கூரையில் மழை கொட்டியது. அவருடைய பக்கமும் அப்படித்தான்.

"காக்கா, காத்துக்கு ஜெனரேற்றர் கொட்டில் சரிஞ்சிட்டு. சாமான் நனையுது. நிப்பாட்டட்டா?"

"ஏசி ஓடுதா?"

"ஓம். நிப்லா தலையிடி எண்டு குளிசை போட்டுட்டு உள்ளுக்குப் படுத்திருக்கா. ஜன்னலைத் திறந்தா சாரல் அடிக்குது, மூடினா அவிச்சல்."

"நீங்க?"

"நான் ரோட்டுக்குப் போறன். கல்லு ஏத்திவந்த லொறி புதைஞ்சுபோய் நிக்குது. எப்பிடியும் ரெண்டு மணித்தியாலம் போகும்."

போன மார்கழியில் உங்களிடம் முதல் வாக்குமூலம் தந்தபோது, உள்ளே யார் இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரியும். கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மறுமொழி சொன்னேன்.

"நிப்பாட்ட வேணாம்" என்றேன். "கரவனுக்குப் பின்னால தகரத் தாழ்வாரம் இருக்குதானே. அதுக்குக் கீழ, சுவரோட சேத்து வைங்க. நனையாது."

"இருபது அடி எண்டு சொன்னீங்களே காக்கா."

"மழைக்குள்ள அது பரவாயில்ல. கொஞ்ச நேரம்தானே."

"சரி காக்கா" என்றார்.

போனை வைத்துவிட்டு, திறந்துகிடந்த ஒரு தண்ணீர்ப் பம்பைப் பூட்டி முடித்தேன். மூன்று மணிக்குப் பிளேன்ரீ குடித்தேன். நாலு மணிக்கு அஸர் தொழுதேன். திரும்பவும் கோல் எடுத்து, அதைத் தள்ளி வையுங்கள் என்று சொல்ல எனக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளவேண்டும். ஆத்திரத்தில் ஒரு நிமிடத்தில் நடந்த காரியம் என்று யாரும் நினைக்கக்கூடாது.

பலர் கேட்பார்கள், ஸஜ்ஜாத்தை ஏன் விட்டாய் என்று. அவரை உள்ளே படுக்கவைப்பதற்கு எனக்கு எத்தனையோ நாள் கிடைத்திருக்கும். ஆனால் செத்தவனுக்கு என்ன தெரியும், சேர். வீட்டுக்குள் ஒரு கட்டில் வெறுமையாகக் கிடப்பது எப்படி இருக்கும் என்று தெரிவதற்கு ஆள் உயிரோடு இருக்கவேண்டும்.

எங்கள் ஊரில் செத்துப்போன பெண்களின் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவர்களில் என் மனைவியும் ஒருத்தி. மறுநாள், ஆஸ்பத்திரியிலிருந்து மையித்து வந்ததும், நிப்லாவைக் குளிப்பாட்டப் போனா. திரும்பி வந்து குசினி வாசலில் ஈரச் சீலையோடு நின்றா.

"கன்னமெல்லாம் ரோசாப் பூ மாதிரிச் செவந்திருந்திச்சி. உசிரோட படுத்திருக்கிற மாதிரி. நான் ரெண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தன்."

நாலாம் நாள், கடைக்குச் சோறு கொண்டுவந்த இடத்தில், கரண்டி தேடி மேசை லாச்சியைத் திறந்தா. அலாரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னைப் பார்த்தா.

"இது ஏன் இங்க கிடக்குது?"

"பற்றரி மாத்த."

நஜ்முன் நிஸா முப்பது வருடம் என்னோடு வாழ்ந்தவ. வேறு கேள்வி கேட்கவில்லை. சோற்றை மேசையில் வைத்துவிட்டு, அன்றைக்கே மூதூரில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டா. இன்றுவரை திரும்பவில்லை. அவ காட்டிக்கொடுப்பா என்று பயந்து நான் இங்கே வரவில்லை. அவ சொல்லமாட்டா.

விசாரணையில் ஸஜ்ஜாத், "காக்காதான் அங்க வைக்கச் சொன்னவர்" என்றார். என்னைக் கேட்டார்கள். "இருபது அடி தள்ளி வைங்க எண்டுதான் சொன்னன். மழைச் சத்தத்தில அவருக்கு விளங்கல்லயோ தெரியாது" என்றேன். என் குரலும் நடுங்கவில்லை. கடற்கரையில் உள்ள அத்தனை பேரும் எனக்காகச் சாட்சி சொன்னார்கள், இந்த மனுசன் எங்களுக்கெல்லாம் படிப்பித்தவர், அப்படிச் சொல்லியிருக்கமாட்டார் என்று. ஸஜ்ஜாத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்தார். கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள்.

அதோடு நான் நின்றிருப்பேன். என்னைப் பொறுத்தவரை காரியம் முடிந்திருந்தது. ஆனால் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து, ஸஜ்ஜாத் என் கடைக்கு வந்தார். மெலிந்திருந்தார். தாடி விட்டிருந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"அண்டைக்கு நீங்க என்ன சொன்னீங்க, எனக்கு என்ன கேட்டது எண்டே இப்ப நிச்சயமில்ல காக்கா. அது போகட்டும். உங்கட புள்ளையப் பத்தி நான் பொய் சொன்னனான். அதுக்குத்தான் அல்லாஹ் என்ர பொஞ்சாதிய எடுத்திட்டான். பள்ளியில ஜமாஅத்துக்கு முன்னால எழும்பி நிண்டு உண்மையைச் சொல்லப்போறன். என்னை மன்னிச்சிடுங்க."

சொன்னபடியே அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எழும்பி நின்றார். றிஸ்கான் சிகரெட் குடிக்கவில்லை, நான்தான் ஊற்றச் சொன்னேன் என்று அழுது சொன்னார். முழுப் பள்ளியும் கேட்டது. மூன்று வருடமாக நான் கேட்க நினைத்த வார்த்தை அது. கேட்டபோது எனக்குள் ஒன்றுமே அசையவில்லை.

ஆட்கள் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய பாரம் ஒன்றை இறக்கிவைத்த ஆள்மாதிரி வெளியே வந்தார். இப்போது ஐந்து நேரமும் முன்வரிசையில் நிற்கிறார். இரவில் நித்திரை வருகிறதாம். அல்லாஹ்வின் நாட்டம், நான் பொருந்திக்கொண்டேன் என்று சொல்கிறாராம்.

அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அது அல்லாஹ்வின் நாட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டு நித்திரை கொள்கிறார். அப்படியில்லை. நான் சொன்னேன், அவர் தன்னுடைய இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்த் தன் மனைவியின் தலைமாட்டில் வைத்தார். மழைச் சத்தத்தில் அவருக்கு எதுவும் பிழையாகக் கேட்கவில்லை. இருபது அடி என்று அவருக்கு ஞாபகம் வந்தது, என்னிடமே கேட்டார், பிறகும் வைத்தார். இது அவருக்குத் தெரியவேண்டும்.

நிப்லாமீது எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. நல்ல மனுசி.

இதில் எழுதியதெல்லாம் உண்மை. எந்தத் தண்டனை என்றாலும் சரி. ஒரேயொரு விண்ணப்பம் மட்டும் இருக்கிறது. இதை ஸஜ்ஜாத்துக்கு வாசித்துக் காட்டும்போது நானும் அந்த அறையில் இருக்க அனுமதி தரவேண்டும். வேறு ஒன்றுக்குமில்லை, சேர். கேட்டதும் அவருக்குத் தலை சுற்றலாம். தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் இருப்பது அவருக்கு நல்லது.